நெல் எதற்காக விளைகிறது, மனிதன் எதற்காக வாழ்கிறான்?

மட்டக்களப்புப் பக்கம் ஒரு செத்த வீட்டுக்குப் போய் இரவு பந்தலுக்குக் கீழே கொஞ்ச நேரம் இருந்தால் போதும், யாராவது ஒருவர் தேத்தண்ணிக் கோப்பையோடு இதைச் சொல்லிவிடுவார்: "என்னத்துக்குத்தான் இந்த மனிசன் பிறக்கிறானோ, ஓடி ஓடி உழைச்சி, மறுகா மண்ணுக்குள்ளதான்." பக்கத்தில் இருப்பவர்கள் "ஓம், அதுதானே" என்பார்கள். பேச்சு அப்படியே நெல்லு விலைக்குப் போய்விடும்.

கேட்டவர் சும்மாதான் கேட்டார், ஆனால் கேள்வி சும்மா கேள்வியில்லை. இதை வைத்து இரண்டாயிரம் வருடங்களுக்கு மேலாகத் தலையை உடைத்திருக்கிறார்கள். தத்துவம் படிக்காதவருக்கும் விளங்குகிற மாதிரி இதைச் சொல்ல முடியும் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் சிக்கலின் பாதி அந்த "எதற்காக" என்ற சொல்லுக்குள் மூன்று வேறு வேறு கேள்விகள் ஒன்றாகக் கிடப்பதால் வருகிறது. அவற்றைப் பிரித்து வைத்தால் சிலதுக்குப் பதில் ஏற்கெனவே இருக்கிறது, சிலதை நாம் தவறான ஆளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

முதலில் நாம் இயற்கையில் எங்கே நிற்கிறோம் என்பதைப் பார்த்துவிடலாம்.

"மனிதன் ஆறறிவு படைத்தவன்" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்தது நினைவிருக்கும். அது தொல்காப்பியத்தின் மரபியலில் வருகிற வரிசை: புல்லும் மரமும் ஓரறிவு, நத்தை போன்றவை ஈரறிவு, கறையானும் எறும்பும் மூவறிவு, நண்டும் தும்பியும் நான்கறிவு, விலங்குகள் ஐந்தறிவு, மக்கள் ஆறறிவு. மேடைப் பேச்சுகளில் இதை மனிதன் பெரியவன் என்று காட்டத்தான் பெரும்பாலும் எடுத்து விடுகிறார்கள். ஆனால் வரிசையைச் சும்மா ஒருதரம் பாருங்கள், புல்லையும் மனிதனையும் ஒரே கணக்கில், ஒரே அளவுகோலில் வைத்திருக்கிறது, வித்தியாசம் எத்தனை அறிவு என்பதில் மட்டும்தான். கீழே இருப்பது மேலே இருப்பதற்காகப் படைக்கப்பட்டது என்று அதில் எங்கேயும் இல்லை. அந்தக் கருத்தை வெளிப்படையாகச் சொன்னவர் கிரேக்கத்து அரிஸ்டாட்டில்: செடிகள் விலங்குகளுக்காக, விலங்குகள் மனிதனுக்காக என்று அவர் எழுதினார். நாம் தொல்காப்பியத்தைச் சொல்லிக்கொண்டு அரிஸ்டாட்டிலை நம்புகிறோம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. (சிவபுராணத்தில் புல், பூடு, புழு, மரம் என்று போகிற பட்டியலையும் கவனியுங்கள். அதில் மனிதர் கடைசியில் வருவதில்லை, கல்லுக்குப் பிறகு, பேய்க்கு முன்னால் நடுவில் வருகிறார்கள். கோயிலில் தினமும் பாடுகிறோம், ஆனால் யாரும் கவனிப்பதில்லை.)

அடுத்தது காலம். பூமிக்கு வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள். இந்த எண்ணைச் சொன்னால் யாருக்கும் மனதில் ஒன்றும் நிற்காது, அதனால் நமது வாவியை எடுத்துக்கொள்வோம். மட்டக்களப்பு வாவி தெற்கே கல்முனைப் பக்கத்தில் இருந்து வடக்கே ஏறாவூர்ப் பக்கம் வரை சுமார் 56 கிலோமீற்றர் நீளம். தெற்கு முனையில் பூமி பிறந்தது, வடக்கு முனையில் இன்றைய நாள் என்று வைத்தால் ஒரு மீற்றருக்கு 81,000 ஆண்டுகள் வரும். இப்போது ஒரு தோணியில் தெற்கில் இருந்து வாருங்கள். முதல் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றருக்கு உயிர் இருந்ததற்கு உறுதியான தடயம் எதுவும் கண்ணில் படாது. அதற்குப் பிறகு மிக நீண்ட தூரம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்தான். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் அழிந்த இடம் வரும்போது வடக்குக் கரைக்கு இன்னும் 800 மீற்றர்தான் மிச்சம். நமது இனம், ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகள், கடைசி 3.7 மீற்றர். நீங்கள் இருக்கிற தோணியின் நீளம் அவ்வளவு இருக்கலாம். சீனாவில் யாங்சி ஆற்றுப் பக்கத்தில் நெல் பயிரிடத் தொடங்கியது கடைசி 11, 12 சென்ரிமீற்றரில். கோயில், பள்ளிவாசல், அரசு, எழுத்து, காணிச் சண்டை எல்லாமே அந்த ஒரு விரல் நீளத்துக்கு அங்காலே இங்காலே அடங்கிவிடும்.

உறவு முறையையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதில் எல்லோருக்கும் ஒரு குழப்பம். 1859-இல் டார்வின் எழுதிய பிறகு "மனிதன் குரங்கில் இருந்து வந்தான்" என்ற பேச்சு பரவியது, உடனே "அப்போ ஏன் இந்தக் குரங்கெல்லாம் இன்னும் குரங்காகவே இருக்கு?" என்ற மடக்குக் கேள்வியும் வந்துவிட்டது. நாம் இன்றைய எந்தக் குரங்கில் இருந்தும் வரவில்லை. நமக்கும் சிம்பன்சிக்கும் ஏறத்தாழ 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பொதுவான மூதாதை இருந்தது, அங்கே இருந்து இரண்டு கிளை பிரிந்தது. அவ்வளவுதான். சிம்பன்சி நமக்கு அப்பா இல்லை, ஒன்றுவிட்ட சகோதரம்.

நமது உடம்புகூட முழுக்க நம்முடையது இல்லை. 2016-இல் வந்த ஒரு கணக்கீட்டின்படி ஒரு சராசரி உடம்பில் மனிதக் கலங்கள் சுமார் 30 லட்சம் கோடி, பாக்டீரியாக்கள் சுமார் 38 லட்சம் கோடி. வாக்கெடுப்பு வைத்தால் தோற்றுப்போவோம்! 2018-இல் இன்னொரு கணக்கு வந்தது. பூமியில் உள்ள உயிர்ப்பொருள் எல்லாவற்றையும் கார்பன் எடையில் நிறுத்தால் மனிதர்கள் அதில் ஏறத்தாழ 0.01 வீதம். ஆனால் பாலூட்டிகளை மட்டும் தனியே நிறுத்தால் கதை தலைகீழ்: நாம் 36 வீதம், நாம் வளர்க்கிற மாடு, ஆடு, பன்றி போன்றவை 60 வீதம், காட்டில் திரிகிற எல்லாப் பாலூட்டிகளும் சேர்த்து, யானை திமிங்கிலம் எல்லாம் உட்பட, வெறும் 4 வீதம்தான். மொத்தத்தில் நாம் தூசி, பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் பெரிய பாரம். மனிதனின் இடம் என்று கேட்டால் எனக்கு முதலில் இந்த இரண்டு எண்களும்தான் ஞாபகம் வரும்.

சரி, தூசி என்றால் அர்த்தமும் இல்லையா?

நிறையப் பேர் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். அண்டம் இவ்வளவு பெரிது, காலம் இவ்வளவு நீளம், நாம் ஒரு புள்ளி, ஆகவே ஒன்றிலும் அர்த்தம் இல்லை. கேட்க ஆழமாக இருக்கும், ஆனால் "ஆகவே" என்று போட்ட இடத்தில் ஓட்டை இருக்கிறது. தாமஸ் நேகல் என்ற தத்துவப் பேராசிரியர் 1971-இல் இதைத்தான் கேட்டார்: 70 வருட வாழ்க்கை அபத்தம் என்றால், அதே வாழ்க்கையை முடிவே இல்லாமல் நீட்டினால் அபத்தம் போய்விடுமா, இன்னும் கூடாதா? நாம் அண்டத்தை நிரப்புகிற அளவு பெரிய உடம்போடு இருந்தால் மட்டும் என்ன பொருள் வந்துவிடும்? திமிங்கிலம் நம்மைவிடப் பெரியது, அதற்காக அதன் வாழ்வு நம்முடையதைவிட அர்த்தமுள்ளது என்று யாரும் சொல்வதில்லை. அளவு ஒரு கணக்கு, அர்த்தம் வேறு கணக்கு. முதலாவதில் தோற்றதற்காக இரண்டாவதிலும் தோற்றோம் என்று எழுதி வைக்க வேண்டியதில்லை.

இனி அந்த "எதற்காக"வைப் பிரிப்போம்.

மண்வெட்டி எதற்காக? மண் வெட்ட. இதற்குப் பதில் இருப்பதற்குக் காரணம், அதைச் செய்த ஒருவர் அந்த நோக்கத்தோடு செய்தார் என்பது. மண்வெட்டியிடம் கேட்டுப் பயனில்லை, கொல்லனிடம் கேட்க வேண்டும். இது முதலாவது வகை.

இதயம் எதற்காக? இரத்தத்தைச் சுற்றி அனுப்ப. இதுவும் சரியான பதில்தான், ஆனால் உயிரியல் இந்தப் பதிலுக்கு ஒரு கொல்லனைத் தேடுவதில்லை. இரத்தத்தைச் சுற்றி அனுப்பிய இதயங்கள் உள்ள உயிர்கள் பிழைத்து, பெருகி, அந்த அமைப்பைத் தம் பிள்ளைகளுக்குக் கொடுத்தன என்பது போதும். இதை வேலை அல்லது தொழிற்பாடு என்று சொல்லலாம். இரண்டாவது வகை.

நீ எதற்காகக் கட்டாருக்குப் போனாய்? வீடு கட்ட, தங்கச்சியைக் கட்டிக்கொடுக்க. இது போகிறவரே வைத்திருக்கிற நோக்கம், மூன்றாவது வகை. இதை அவரிடம்தான் கேட்க வேண்டும், அவருக்கே முழுதாகத் தெரியாமலும் இருக்கலாம்.

இந்த மூன்றும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று பார்க்க வேளாண்மையைவிட நல்ல இடம் இல்லை. நெல் எதற்காக விளைகிறது என்று வாவிக்கு மேற்கே வயல் பக்கமான படுவான்கரையில் யாரைக் கேட்டாலும் "நமக்குச் சாப்பிடத்தான்" என்பார்கள். காட்டு நெல்லைக் கேட்டால், கேட்க முடிந்தால், வேறு பதில் வரும். அதன் மணி முற்றியதும், மணியும் காம்பும் சேருகிற இடத்தில் மெல்லிய ஒரு படை தளர்ந்து, காற்றடித்தாலே மணி உதிர்ந்துவிடும். அதற்கு அதுதான் வேலை, விதை மண்ணில் விழ வேண்டும், வேறொன்றும் அதற்குத் தேவையில்லை. நமது வயல் நெல்லின் முற்றிய கதிர் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள், மணி இலேசில் விடாது. முந்தி மாட்டைக் கட்டிச் சூடு மிதிக்க வேண்டியிருந்தது, இப்போது வெட்டுமெசின் அடித்துப் பிரிக்கிறது. ஏன் இந்த வித்தியாசம்? ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன் யாரோ சிலர் கதிர் பறித்தபோது உதிர்ந்த மணிகள் மண்ணோடு போயின, உதிராமல் நின்றவை கைக்கு வந்தன, கைக்கு வந்ததைத்தான் அடுத்த வருடம் விதைத்தார்கள். இப்படியே போய், உதிராத நெல் மிஞ்சியது. மரபணுவில் மிகச் சிறிய ஒரு மாற்றம் இதற்குப் பெரிய காரணம் என்று 2006-இல் கண்டுபிடித்தார்கள். அந்த முதல் ஆட்கள் "உதிராத நெல் உண்டாக்குவோம்" என்று கூட்டம் போட்டுத் தீர்மானித்திருக்க மாட்டார்கள். சோறு வேண்டும் என்பது மட்டும்தான் அவர்களின் நோக்கம்.

ஆக வயல் நெல்லில் மனிதனின் நோக்கம் ஏறி உட்கார்ந்துவிட்டது. அதே வயலில் களையாக முளைக்கிற நெல்லையும் வேளாண்மை செய்கிறவர்களுக்குத் தெரியும், பார்க்க ஒன்றுபோல இருக்கும், வெட்டுமுன்னே கொட்டிவிடும், அடுத்த போகத்துக்கு இன்னும் கூடுதலாக முளைக்கும். நமக்கு அது தொல்லை. அதன் பக்கத்தில் இருந்து பார்த்தால் அது தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. ஒரே வரம்புக்குள் ஒரே மாதிரி இரண்டு செடி நிற்கிறது, எதற்காக என்ற கேள்விக்கு இரண்டும் சொல்கிற பதில் எதிர் எதிரானது.

இப்போது செத்த வீட்டுக் கேள்விக்கு வரலாம். மனிதன் எதற்காக என்று கேட்கும்போது எந்த வகையைக் கேட்கிறோம்?

மண்வெட்டி வகையென்றால், செய்தவர் ஒருவர் இருக்கிறார் என்பது அடிப்படை. சமயங்கள் இந்தப் பக்கம் நிற்கின்றன. குர்ஆன் மனிதனைப் பூமியில் இறைவனின் பிரதிநிதியாகச் சொல்கிறது, விவிலியத்தில் முதல் மனிதனைத் தோட்டத்தில் வைத்தது அதைப் பண்படுத்தவும் காக்கவும் என்று வருகிறது, சைவ சித்தாந்தம் உயிர் பாசம் என்ற கட்டில் இருந்து விடுபட்டுப் பதியாகிய இறைவனை அடைவதைச் சொல்கிறது. பௌத்தம் கொஞ்சம் விலகி நிற்கும், படைத்தவரைப் பற்றிக் கேட்பதைவிடத் துக்கம் எப்படி ஓயும் என்பதே அதற்கு முக்கியம். காத்தான்குடியில் இருந்து அம்பாறை வரை ஒரு பஸ்ஸில் போனால் இந்த நான்கு பதிலையும் வைத்திருக்கிறவர்கள் ஒரே சீற்றில் நெருக்கிக்கொண்டு வருவார்கள். இவற்றை விஞ்ஞானம் சரியென்றும் சொல்லாது, பிழையென்றும் சொல்லாது. அது அளக்கிற சாமான் அல்ல இது.

இரண்டாவது வகையென்றால் பதில் சப்பென்று இருக்கும்: உயிர் தன்னைப் பெருக்கிக்கொள்கிறது, நாமும்தான். இங்கேதான் சிலர் துள்ளிக் குதித்து, "பார்த்தீர்களா, பிள்ளை பெறுவதுதான் வாழ்க்கையின் நோக்கம்", "பலமுள்ளவன் பலவீனனை அமுக்குவதுதான் இயற்கை" என்று சட்டம் எழுதத் தொடங்குவார்கள். டேவிட் ஹியூம் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் டார்வினுக்கு நூறு வருடத்துக்கு முன்பே, 1739 அளவில், இந்தத் தாவலைப் பிடித்துவிட்டார். உலகம் இப்படி இருக்கிறது என்பதில் இருந்து நாம் இப்படி நடக்க வேண்டும் என்பது தானாக வராது. இடையில் நாமே ஏதோ ஒன்றைச் சேர்க்கிறோம், சேர்த்ததை மறைத்துவிட்டு இயற்கை சொன்னது என்கிறோம். பிள்ளை இல்லாத ஒரு ரீச்சர் முப்பது வருடம் ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்துப் போட்டுச் செத்தால், அவரின் வாழ்வு வீண் என்று உயிரியல் புத்தகம் சொல்லவில்லை. சொல்கிறவர் பக்கத்து வீட்டுக்காரர்.

மூன்றாவது வகைக்குப் போகுமுன் ஒன்று. இந்தக் கேள்வி நம் கரையில் எவ்வளவு கூர்மையாகக் கேட்கப்பட்டது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. 2004 டிசம்பர் 26, பௌர்ணமிப் போயா தினம், நத்தாருக்கு அடுத்த நாள், ஞாயிறு காலை. கடல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000-க்கும் அதிகமானவர்களைக் கொண்டுபோனது, இலங்கையில் வேறெந்த மாவட்டத்திலும் அவ்வளவு இல்லை. மாளிகைக்காடு, காரைதீவு, மருதமுனை, கல்லடி, நாவலடி என்று கரை நீளத்துக்கும் பிறகு கேட்டது ஒரே கேள்வி: "நாங்க என்ன பாவம் செஞ்சோம்?"

இதற்கு 249 வருடங்களுக்கு முன், 1755 நவம்பர் 1, போர்த்துக்கல்லின் லிஸ்பன் நகரம் இதே மாதிரி அழிந்தது. அன்று சகல புனிதர் திருநாள், தேவாலயங்கள் நிரம்பிய காலை நேரம். நிலம் அதிர்ந்தது, பிறகு கடல் வந்தது, பிறகு தீ. ஐரோப்பா முழுக்கக் கேட்டார்கள், இது எந்தப் பாவத்துக்குத் தண்டனை? இமானுவேல் கான்ட் என்பவர், அப்போது முப்பது வயதைத் தாண்டியவர், அடுத்த வருடம் இதைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். நிலத்துக்கடியில் உள்ள குகைகளில் வாயுக்கள் எரிவதால் நிலம் அதிர்கிறது என்பது அவர் சொன்ன காரணம், அது பிழை. ஆனால் தண்டனை என்று பார்க்காமல் இயற்கைக் காரணத்தைத் தேடியதும், மனிதனை நினைத்துத்தான் பூமி அசைகிறது என்று எண்ணுவது நமது தற்பெருமை என்று சொன்னதும் பிழையில்லை. நமது சுனாமிக்குக் காரணம் இன்று நன்றாகத் தெரியும்: இந்தியப் புவித்தட்டு சுமாத்திராவுக்கு மேற்கே இன்னொரு தட்டுக்குக் கீழே சொருகிக்கொண்டு போகிறது, நீண்ட காலம் தேங்கிய இறுக்கம் ஆயிரம் கிலோமீற்றருக்கும் அதிகமான நீளத்துக்கு ஒரேயடியாக அவிழ்ந்தது, கடலடி எழும்பியது, தண்ணீர் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் நம் கரைக்கு வந்தது. அந்தத் தட்டு அசைவதற்கு எங்களைத் தெரியாது.

இது ஆறுதலா என்று கேட்டால், சிலருக்கு ஆம், சிலருக்கு இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்குப் புவித்தட்டைப் பற்றி விளக்கம் சொல்லப் போகாதீர்கள். ஆனால் "உன் பாவம்தான்" என்று அவளிடம் யாராவது சொல்ல வந்தால், அப்போது இந்த விளக்கம் மிகவும் தேவைப்படும்.

மூன்றாவது வகை, நாமே வைக்கிற நோக்கம். விக்டர் பிராங்க்ல் வியன்னாவில் மனநல வைத்தியர், யூதர், 1942-இல் பிடிபட்டு நாசிகளின் வதைமுகாம்களில் ஆஷ்விட்ஸ் உட்பட அடைபட்டு 1945-இல் உயிரோடு வெளியே வந்தவர். வாழ்க்கைக்கு என்ன அர்த்தம் என்று வாழ்க்கையிடம் கேட்காதே, வாழ்க்கைதான் உன்னிடம் கேட்கிறது, நீ பதில் சொல் என்பது அவரின் நிலைப்பாடு. செய்கிற வேலையால் சொல்லலாம், ஒருவரில் வைக்கிற அன்பால் சொல்லலாம், தவிர்க்கவே முடியாத துன்பத்தை எப்படித் தாங்குகிறாய் என்பதாலும் சொல்லலாம். எனக்கு இதில் ஒரு முறுகல் உண்டு, தவிர்க்கக்கூடிய துன்பத்தையும் தாங்கச் சொல்ல இதைச் சிலர் பாவிப்பார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை, தவிர்க்க முடிந்தால் தவிர்க்கத்தான் வேண்டும் என்றார்.

நாமே நோக்கம் வைப்பது என்றால் யாரும் எதையும் வைக்கலாமா? முழுக்க அப்படியில்லை, ஏனென்றால் நாம் வைக்கிற நோக்கம் எப்போதும் வேறு யாருடைய வயலிலோ போய் முட்டும். வெல்லாவெளிப் பக்கம் பெரும்போகம் முற்றி நிற்கும்போது இரவு யானை இறங்கினால், வங்கிக் கடன், நகை அடகு, மகளின் ரியூஷன் காசு எல்லாம் ஒரு இரவில் மிதிபட்டுப் போகும். யானைக்கு அது கடன் எடுத்த வேளாண்மை என்று தெரியாது. அது புல் தின்கிற மிருகம், நெல்லும் புல்தான், அதுவும் ருசியான புல். எல்லா உயிரும் சமம் என்று கொழும்பில் இருந்து எழுதுவது லேசு, வயல் வாடியில் யானை வெடியோடு முழித்திருக்கிறவனிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது. இலங்கையில் இந்த மோதலில் வருடத்துக்கு நூற்றுக்கணக்கான யானைகளும் நூறு பேருக்கு மேல் மனிதர்களும் சாகிறார்கள். அம்பாறை பள்ளக்காட்டில் குப்பைமேட்டுக்கு வந்து பிளாஸ்டிக்கைத் தின்று எட்டு வருடத்தில் 20 அளவில் யானைகள் செத்தன என்று 2022-இல் செய்தி வந்தது, அதில் யாருடைய வேளாண்மையும் காக்கப்படவில்லை, சும்மா செத்தன.

இதையெல்லாம் எடுத்து வைத்து "இது சரியா?" என்று கேட்கக்கூடியது, நமக்குத் தெரிந்தவரை, நாம் மட்டும்தான். ஆறாவது அறிவுக்கு ஒரு வேலை இருக்கிறதென்றால் அது இங்கே இருக்கிறது, பட்டியலில் மேலே ஏறி உட்காருவதில் இல்லை. குருநாகல் மாவட்டத்தில் கல்கமுவப் பக்கம் ஒரு முறையைச் செய்து பார்த்திருக்கிறார்கள். வயலைச் சுற்றி மின்வேலியைப் போகம் நடக்கும்போது மட்டும் போடுவது, வெட்டி முடிந்ததும் கழற்றிவிடுவது, மிச்சமிருக்கிற தாளை யானை வந்து மேய்ந்துவிட்டுப் போகும். வேலியைப் பார்ப்பது கமக்கார அமைப்பின் பொறுப்பு. யார் எந்த இரவு காவல், யாருடைய துண்டில் கம்பி தளர்ந்தது, பற்றரிக்கு யார் காசு போடுவது என்று அங்கே நிச்சயம் சண்டை வரும். வரட்டும், இந்தக் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் அந்த மாதிரிக் கூட்டங்களில்தான் சொல்லப்படுகிறது.